பள்ளிக்கூடத்துக் கணக்கு நமக்கும் தெரியணும்

(கூட்டமைப்பின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதின் எழுத்து வடிவம். வர முடியாமல் போன உறுப்பினர்களுக்காக இங்கே தரப்படுகிறது. குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் கடைசியாக "கல்வி" என்று ஒரு வார்த்தை போட்டிருக்காங்க. வழக்கமா இந்த இடத்துல யாராவது எழுந்து, "பெண் பிள்ளைகளைப் படிக்க வையுங்கள்" என்று சொல்லிட்டு உட்காருவாங்க. நான் அதைச் சொல்லப் போறதில்லை. உங்களுக்குத் தெரியாததா அது? ஜூன் மாதம் பிறந்தால் நம்ம குழுக்களில் உள்கடன் எதுக்குக் கேக்குறீங்க என்று தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினாலே தெரியும். ஃபீஸ், நோட்டு, யூனிஃபார்ம், வேன்.

நான் பேச வந்தது வேற. ஊர்ப் பள்ளிக்கூடத்தை யார் நடத்துறாங்க, அதுக்குப் பணம் எங்கிருந்து வருது, அதைப் பற்றி முடிவு எடுக்கிற இடத்தில் நாம எப்படிப் பேசுவது என்பதைப் பற்றித்தான். இப்போ இதைப் பேசுறதுக்கு ஒரு காரணமும் இருக்கு.

நம்ம கூட்டமைப்பில் ஒரு ஊர், பெயர் வேண்டாம். அங்கே ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. பிள்ளைகள் 14 பேர், ஆசிரியர்கள் 2 பேர். பக்கத்துப் பள்ளியோடு இதைச் சேர்க்கப் போறாங்க என்று ஒரு பேச்சு கிளம்பியது. உண்மையா பொய்யா யாருக்கும் தெரியாது. ஒரு குழு, "எங்க பள்ளியை மூடக்கூடாது என்று கிராம சபையில் தீர்மானம் போடணும்" என்றது. இன்னொரு குழு, "மூடினால் மூடட்டும், அஞ்சு வகுப்புக்கு ரெண்டு வாத்தியார், அங்கே என்ன படிப்பு நடக்குது?" என்றது. பேச்சு முற்றி, ஒரு அக்கா இன்னொரு அக்காவைப் பார்த்து, "உன் பிள்ளை எங்கே படிக்குது? மெட்ரிக் பள்ளி வேன்லதானே போவுது? நீ எதுக்குப் பேசுறே?" என்று கேட்டுட்டாங்க. அவ்வளவுதான். அன்றிலிருந்து ரெண்டு குழுவும் பேச்சுவார்த்தை இல்லை. ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக் கூட்டத்துக்கு ஒரு குழு வந்தால் இன்னொரு குழு வரமாட்டேங்குது. சுழல்நிதி விஷயம்கூட அப்படியே நிக்குது.

"உன் பிள்ளை எங்கே படிக்குது?" என்ற அந்தக் கேள்வியைப் பற்றி முதல்ல சொல்லிடறேன். அது வாயை மூட வைக்கிற கேள்வி. பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தால், "உனக்கு வேற வழியில்லை, அதனால பேசுறே" என்பாங்க. தனியார் பள்ளியில் படித்தால், "உனக்கென்ன அக்கறை" என்பாங்க. பிள்ளையே இல்லாத பெண் பேசினால் சொல்லவே வேண்டாம். அப்போ யார்தான் பேசுறது? நாம் வாங்குகிற சோப்பு, எண்ணெய், செல்போன் ரீசார்ஜ் எல்லாத்திலும் வரி போகுது. அந்த வரியில்தான் பள்ளி நடக்குது. அதனால ஊர்ப் பள்ளியைப் பற்றிப் பேச எல்லாருக்கும் பாத்தியதை உண்டு. வேன்ல பிள்ளையை அனுப்புற அக்கா பேசினால் இன்னும் நல்லது. ஏன் அனுப்பினேன் என்று அவங்கதானே சொல்ல முடியும்?

நம்ம குழுவில் ஒருத்தர் கடன் கேட்டால் நாம என்ன செய்யறோம்? "அவ நல்லவ, கொடு" என்று கண்ணை மூடிக்கிட்டுக் கொடுக்கிறதில்லை. எதுக்கு, எவ்வளவு, எத்தனை தவணை, யார் காத்திருக்காங்க, போன கடன் முடிஞ்சுதா என்று அரை மணி நேரம் கேக்குறோம். கேட்டதுக்காக அவங்க கோவிச்சுக்கிறதும் இல்லை. ஆனா பள்ளிக்கூடம் என்று வந்துட்டா நம்ம பேச்சு, "டீச்சர் நல்லவங்க", "எச்.எம். சரியில்லை" என்பதோட நின்னுடுது. ஆளைப் பற்றிப் பேசுறோம், ஏற்பாட்டைப் பற்றிப் பேசுறதில்லை. ஆள் மாறுதலில் போயிடுவாங்க, ஏற்பாடு அப்படியே இருக்கும்.

அந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் பார்ப்போம்.

பள்ளி வாசலில் "ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி" என்று போர்டு இருக்கு. ஆனா அதன் ஆசிரியர்கள் 1981 ஜூன் மாதத்திலிருந்து அரசு ஊழியர்கள். அவங்க சம்பளம், மாறுதல், காலிப் பணியிடம் எல்லாம் பள்ளிக் கல்வித் துறை. வட்டாரக் கல்வி அலுவலரிடம்தான் போகணும். கட்டடம் ஒழுகினால் அது ஊராட்சி ஒன்றியம், அதாவது பி.டி.ஓ. ஆபீஸ். சத்துணவு சமூக நலத் துறை. கழிப்பறை சுத்தம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஊராட்சி பக்கம் வந்துடும். ஒரே காம்பவுண்டுக்குள்ள இத்தனை துறை. கழிப்பறைக்குத் தண்ணி வரலை என்று நாம தலைமையாசிரியர்கிட்ட சண்டை போடுறோம். அவரோ ஊராட்சிக்கு மனு கொடுத்துட்டு உட்கார்ந்திருக்கார். சில நேரம் பாவம் அவர்தான்.

இந்த நாலு துறையையும் ஒரு இடத்தில் உட்கார வைத்துக் கேள்வி கேட்க ஒரு அமைப்பு இருக்கு. அதுதான் பள்ளி மேலாண்மைக் குழு. 2009ல் வந்த கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 21வது பிரிவில் இந்தக் குழு வருது. உறுப்பினர்களில் நாலில் மூணு பங்கு பெற்றோர் இருக்கணும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். ஒடுக்கப்பட்ட, நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவங்க எண்ணிக்கைக்குத் தக்க இடம். உதவி பெறும் பள்ளிகளில் இந்தக் குழு ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான். அரசுப் பள்ளியில் அப்படி இல்லை. பள்ளி நடப்பதைக் கண்காணிக்கிறது, வருகிற மானியம் எப்படிச் செலவாகுது என்று பார்க்கிறது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கிறது எல்லாம் குழுவின் வேலை. அந்தத் திட்டத்தை வைத்துத்தான் அரசு மானியம் கொடுக்கணும் என்று 22வது பிரிவு சொல்லுது. சட்டம் இவ்வளவு தூரம் பெற்றோர் கையில் கொடுத்திருக்கு.

தமிழ்நாட்டில் 2022ல் இந்தக் குழுக்களை எல்லா அரசுப் பள்ளியிலும் திரும்ப அமைத்தார்கள். 20 உறுப்பினர், அதில் 15 பேர் பெற்றோர். 2024ல் மறுபடியும் அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். நம்ம கூட்டமைப்பு உறுப்பினர்கள் நிறைய பேர் இந்தக் குழுக்களில் இருந்திருக்கீங்க. கை தூக்கச் சொன்னால் தூக்குறீங்க. "என்ன பேசினீங்க?" என்று கேட்டால் சிரிக்கிறீங்க. டீ, பிஸ்கட், கையெழுத்து. தப்பு உங்க மேல இல்லை. என்ன கேட்கணும் என்று யாரும் சொல்லித்தரலையே.

பணத்திலிருந்து ஆரம்பிக்கலாம், நமக்கு அதுதான் பழக்கம்.

"ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி" என்று ஒரு திட்டம். சமக்ர சிக்‌ஷா என்று வடக்கே சொல்றாங்க. முன்னாடி இருந்த அனைவருக்கும் கல்வி இயக்கம், இடைநிலைக் கல்வித் திட்டம் இதெல்லாம் சேர்த்து 2018ல் வந்தது. மத்திய அரசு 60 பங்கு, மாநில அரசு 40 பங்கு. இதிலிருந்து ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் வருஷத்துக்கு ஒரு தொகை, பள்ளி மானியம் என்று வரும். எவ்வளவு என்பது தலைக்கணக்கு. 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000. 101 முதல் 250 வரை 50,000. 251 முதல் 1000 வரை 75,000. அதுக்கு மேல 1 லட்சம். இதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கைச் சுத்தம், சுகாதாரத்துக்குச் செலவு செய்யணும்.

இப்போ யோசிச்சுப் பாருங்க. ஒரு பள்ளியில் 32 பிள்ளைகள். மூணு பேர் வேன் ஏறி வேற பள்ளிக்குப் போறாங்க. 29 ஆயிடுது. போனது மூணு பிள்ளை, குறைஞ்சது 15,000 ரூபாய். சாக்பீஸும் துடைப்பமும் குழாய் ரிப்பேரும் அப்படியேதான் இருக்கு. பணம் குறைய பள்ளி மங்குது, பள்ளி மங்க இன்னும் நாலு பேர் போறாங்க. இதை மாத்தணுமா வேண்டாமா? தலைக்கணக்கு இல்லாமல் பள்ளிக்கு இவ்வளவு என்று அடிப்படையாக ஒரு தொகை கொடுக்கணும் என்று சொல்லலாம். "அப்படிக் கொடுத்தால் பிள்ளை நிறைய இருக்கிற பள்ளி என்ன பாவம் செய்தது?" என்று இன்னொருத்தர் கேட்கலாம். ரெண்டிலும் ஞாயம் இருக்கு. இதுதான் கொள்கையைப் பற்றிய பேச்சு. ஊர்ச் சண்டை வேற, இது வேற.

சின்னப் பள்ளிகளை மூடுறதா, வைத்துக்கொள்ளுறதா என்பதையும் இப்படித்தான் பார்க்கணும். 2019ல் பிள்ளைகள் மிகவும் குறைஞ்சு போன 46 அரசுப் பள்ளிகளைத் தற்காலிகமாக நூலகமாக மாத்துறோம் என்று அன்றைய அரசு அறிவித்தது. அப்போ பெரிய விவாதம் நடந்தது. நம்ம மாநில விதிப்படி ஆரம்பப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள்ள இருக்கணும், நடுநிலைப் பள்ளி 3 கிலோமீட்டருக்குள்ள. அதனால "மூடாதே" என்பதுக்குச் சட்ட பலம் இருக்கு. 6 வயசுப் பிள்ளை மழையில எப்படி நடக்கும்? பள்ளி தூரமானால் முதல்ல நிக்கிறது யார்? பெண் பிள்ளையும், காலனிப் பிள்ளையும், கால் நடக்க முடியாத பிள்ளையும்தான்.

அதே சட்டத்தை இன்னொரு பக்கமும் படிக்கணும். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர் போதும் என்று அதன் அட்டவணை சொல்லுது. வகுப்புக்கு ஒருத்தர் என்று இல்லை. 61லிருந்து 90 வரை 3 பேர். அப்போ 14 பிள்ளையானாலும் 58 பிள்ளையானாலும் அஞ்சு வகுப்பை ரெண்டு பேர்தான் பார்க்கணும். அதில் ஒருத்தர் பயிற்சிக்கோ மீட்டிங்குக்கோ போயிட்டா ஒரே ஆள். இதைத்தான் அந்த இன்னொரு குழு சொன்னது. அவங்க சொன்னதும் பொய்யில்லை.

ஆக, "மூடக்கூடாது" என்பதும் சரி, "இப்படி நடத்துறதுக்கு மூடலாம்" என்பதும் ஓரளவு சரி. ரெண்டு பேரும் சேர்ந்து கேட்க வேண்டியது வேற ஒண்ணு. சின்னப் பள்ளியானாலும் வகுப்புக்கு ஒரு ஆசிரியர் வேணும் என்று கேட்கலாம். அதுக்குச் செலவு அதிகம், அரசு தயங்கும் என்பதும் தெரிஞ்சு கேட்கணும். இல்லை, சேர்த்துத்தான் ஆகணும் என்றால் பிள்ளைகள் போய்வர வண்டி வசதியும் வழிக்காவலரும் கொடு என்று கேட்கலாம். தூரத்துப் பிள்ளைகளுக்கு அந்தத் திட்டத்திலேயே அதுக்கு இடம் இருக்கு. வண்டி ஏற்பாடு எழுத்தில் வராமல் சேர்ப்புக்கு ஒத்துக்கக் கூடாது என்பது என்னோட கருத்து. வாய்ப்பேச்சில் வந்த வண்டி ரெண்டு மாசத்துல நின்னுடும்.

அடுத்தது 25 சதவீத இடம். இதைப் பேசினால் இந்த மண்டபத்திலேயே ரெண்டு கட்சி ஆயிடும், தெரியும். கல்வி உரிமைச் சட்டம் 12வது பிரிவுப்படி தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் கால்வாசி இடத்தை நலிந்த பிரிவு, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கணும். 8ம் வகுப்பு வரை. அதுக்கான கட்டணத்தை அரசு பள்ளிக்குக் கொடுக்கும். அரசு தன் பள்ளியில் ஒரு பிள்ளைக்குச் செலவு செய்கிற தொகை, அந்தப் பள்ளியின் கட்டணம், ரெண்டில் எது குறைவோ அது. வேன், புத்தகம், "ஸ்மார்ட் கிளாஸ்" என்று வாங்குகிறதெல்லாம் அம்மா தலையில். அதுக்குத்தான் உள்கடன்.

ஒரு தரப்பு சொல்லுது: ஏழைப் பிள்ளைக்கும் அந்தப் பள்ளிக்குள் நுழைய ஒரு வாசல் திறந்தது, அதை மூடாதே. இன்னொரு தரப்பு: அரசுப் பணத்தைத் தனியாருக்குக் கொடுத்து, அரசுப் பள்ளியிலிருந்து பிள்ளையையும் அனுப்பி வைக்கிறோம், இதென்ன கணக்கு? மற்ற மாநிலங்களிலும் இது ஓடியிருக்கு. கர்நாடகாவில் 2018 கடைசியில் விதியை மாத்தினாங்க. பக்கத்தில் அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ இருந்தால் தனியாரில் இந்த ஒதுக்கீடு கிடையாது என்று. மகாராஷ்டிராவும் 2024ல் அதே மாதிரி செய்தது. அங்கே மும்பை உயர் நீதிமன்றம் அந்த வருஷம் ஜூலையில் அது செல்லாது என்று சொல்லிட்டது. ஆக, நாடு பூரா தீராத கேள்வியை நாம குழாயடியில் ஒரே நாளில் தீர்க்க முடியாது.

என் மனசில் இருக்கிறதைச் சொல்றேன். 25 சதவீதத்தில் பிள்ளையைச் சேர்த்த தாயைக் குற்றம் சொல்றது அநியாயம். சட்டம் கொடுத்த உரிமையை அவ எடுத்துக்கிட்டா. ஆனா அரசைப் பார்த்து, "நீ தனியாருக்குக் கொடுக்கிற ஒரு பிள்ளையின் தொகை எங்க ஊர்ப் பள்ளிக்கு வந்திருந்தால் என்ன செய்திருக்கும்?" என்று கேட்கலாம், கேட்கணும். தாயைக் கேட்க வேண்டாம், அரசைக் கேளுங்க.

இந்த ஒதுக்கீட்டுப் பணமே ஒரு வருஷம் சிக்கலில் மாட்டியது. நிறைய பேருக்கு அது ஏன் என்று தெரியலை. 2025-26க்கான சேர்க்கை வழக்கமா ஏப்ரல், மே மாதத்தில் நடக்கணும், நடக்கலை. நம்ம தோழிகள் இ-சேவை மையத்துக்கு எத்தனை தடவை நடந்தீங்க? "சைட் திறக்கலை" என்றார்கள். காரணம் சைட் இல்லை. 2024-25ல் அந்த ஒருங்கிணைந்த திட்டத்துக்குத் தமிழ்நாட்டுக்கு ஒத்துக்கொண்ட தொகை 3,586 கோடி. அதில் மத்திய அரசின் 60 பங்கு 2,152 கோடி. அது வரலை. பி.எம். ஸ்ரீ என்ற திட்டத்தில் கையெழுத்துப் போட்டு, 2020 தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கணும் என்றது மத்திய அரசு. மும்மொழி உள்ளிட்டதை ஏற்க மாட்டோம், ஒரு திட்டத்தின் பணத்தை இன்னொரு கையெழுத்தோடு முடிச்சுப் போடக்கூடாது என்றது மாநில அரசு. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், 25 சதவீதப் பணத்தை மற்றதோடு சேர்க்காமல் தனியாகப் பாருங்கள் என்று மத்திய அரசுக்கும், மத்தியப் பணம் வரலை என்பதைக் காரணமாகக் காட்டாதீங்க என்று மாநில அரசுக்கும் சொன்னது. கடைசியில் அந்தப் பங்கு மட்டும் வந்து, அக்டோபரில்தான் சேர்க்கை நடந்தது. பள்ளி திறந்து நாலு மாசம் கழித்து! கேரளாவிலும் 2025 அக்டோபரில் இதே கையெழுத்தைப் போட்டுட்டு, கூட்டணிக்குள்ளேயே எதிர்ப்பு வந்து நிறுத்தி வைத்தார்கள்.

இதில் யார் பக்கம் ஞாயம் என்று நான் உங்களுக்குச் சொல்லப் போறதில்லை. கூட்டமைப்பில் எல்லாக் கட்சிக்காரங்களும் இருக்கீங்க. ஆனா ஒண்ணு கவனிங்க. மாநிலத்தின் பள்ளிக் கல்விக்கு 2024-25ல் ஒதுக்கியது 44,042 கோடி. அதில் பெரும்பகுதி சம்பளத்துக்குப் போகும். வராத 2,152 கோடி அதன் பக்கத்தில் சின்னத் தொகைதான். ஆனா அது எந்தப் பணம்? பள்ளி மானியம், மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பு ஆசிரியர், உறைவிடப் பள்ளி, ஆசிரியர் பயிற்சி. சம்பளம் போக மீதி நடமாடுகிற பணமே இதுதான். மேலே ரெண்டு பேர் சண்டை போட்டால் கீழே முதல்ல காயுறது இந்த இனங்கள். அதனால டி.வி.யில் "நிதி நிறுத்தம்" என்று வந்தால் அடுத்த சீரியலுக்கு மாத்தாதீங்க. நம்ம பள்ளியில் எந்த இனம் நின்னுச்சு என்று போய்க் கேளுங்க.

நன்கொடை பற்றியும் கேட்டிருந்தீங்க. பள்ளியில் சேர்க்கும்போது பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கு என்று பணம் வாங்குறாங்களே, கொடுக்கலாமா? இதுக்கு ஒரு பழைய கதை உண்டு. காமராஜர் முதலமைச்சரா இருந்தப்போ, 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊரா நடந்தது. கல்வித் துறை இயக்குநரா இருந்தவர் நெ.து. சுந்தரவடிவேலு. ஊர் மக்கள் நிலமாகவும், பெஞ்சு, கரும்பலகையாகவும், ரொக்கமாகவும் அள்ளிக் கொடுத்தாங்க. மதிய உணவும் ஊர் நன்கொடையோடுதான் தொடங்கியது. 2022 டிசம்பரில் "நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி" என்று அதே வழியில் ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க. கொடுக்கிற பழக்கம் நமக்குப் புதுசில்லை, நல்லதுதான். ஆனா அன்னிக்கு அரசிடம் பணம் இல்லை, சட்டமும் இல்லை. இன்னிக்குச் சட்டம் இருக்கு. தண்ணீர், ஆண் பெண்ணுக்குத் தனித்தனி கழிப்பறை, சுற்றுச்சுவர், ஆசிரியர், இதெல்லாம் கொடுக்க வேண்டியது அரசு. நாம கொடுத்தால் மின்விசிறியோ கதைப் புத்தகமோ கூடுதலாக் கொடுப்போம். கழிப்பறைக்கும் ஆசிரியர் சம்பளத்துக்கும் ஊரில் வசூல் செய்தால் அரசு கையைக் கட்டிக்கும். கட்டாயம் என்று யாராவது வாங்கினால், முதல்ல ரசீது கேளுங்க. 8ம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையும் அரசுப் பள்ளியில் கட்டணம் கொடுத்துப் படிக்க வேண்டியதில்லை.

ஆசிரியர் சம்பளம் என்றதும் இன்னொண்ணு. 2022 ஜூலையில் 13,331 காலி இடங்களுக்குத் தற்காலிக ஆசிரியர்களைப் பள்ளி மேலாண்மைக் குழுவே எடுத்துக்கலாம் என்று சொன்னாங்க. இடைநிலை ஆசிரியருக்கு மாசம் 7,500 என்று வைத்தாங்க, பிறகு கூட்டினாங்க. குழு கையில் அதிகாரம் வந்தது பெருமை என்று சிலர். உள்ளூர் செல்வாக்கு உள்ளவர் வீட்டு ஆளைத்தானே எடுப்பாங்க என்று சிலர். நிரந்தர இடத்தை நிரப்பாமல் நம்ம தலையில் கட்டுறாங்க என்று இன்னும் சிலர். பி.எட். முடித்துட்டு வீட்டில் இருக்கிற நம்ம மகளுக்கு 7,500 சம்பளமா என்று கேட்ட தோழியும் உண்டு. அவங்க கேட்டதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி. தாயாகவும் வேலை தேடுற பெண்ணின் அம்மாவாகவும் ஒரே நேரத்தில் பார்த்தாங்க.

இதெல்லாம் வெறும் கணக்குப் பேச்சு இல்லை. 2004 ஜூலை 16ல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் தீயில் போனது கூரைக் கொட்டகையால. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து 3 மாணவர்கள் இறந்தாங்க. அந்தச் சுவர் ஒரே நாளில் சாய்ந்திருக்காது. நம்ம பள்ளிச் சுவரை யார் பார்க்கிறாங்க? 2022ல் தொடங்கி 2023ல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்த காலை உணவுத் திட்டத்தில் கிராமங்களில் சமைக்கப் போனது நம்ம குழுப் பெண்கள். காலை ஆறு மணிக்கு அந்தக் கட்டடத்துக்குள் போற ஆளுக்குத் தெரியாதா எந்தச் சுவரில் விரிசல், எந்தத் தொட்டி கழுவி எத்தனை நாள் ஆச்சு என்று? அதை மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சொல்லி, தேதி போட்டு எழுத வைக்கணும். எழுதாத பேச்சு கூட்டம் முடிஞ்சதும் காத்துல போயிடும். நம்ம சேமிப்புக் கணக்கை வாய்ச்சொல்லில் வைப்போமா?

கூட்ட நேரம் பற்றி ஒரு வார்த்தை. 2022ல் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை மதியம் 3 மணிக்குக் கூட்டம் என்று வைத்தாங்க. களையெடுக்கப் போற பெண் 3 மணிக்கு எப்படி வருவா? நேரத்தை மாத்தக் கேட்டு ரெண்டு பள்ளியில் நம்ம உறுப்பினர்கள் சொல்லியிருக்காங்க, ஒரு இடத்தில் மாத்தியும் கொடுத்தாங்க. சின்ன விஷயம்தான், ஆனா வந்தவங்க எண்ணிக்கை கூடியது.

பேசி முடிச்சதும் ஒரு தோழி எழுந்து, "மேடம், நாங்க கேள்வி கேட்டா டீச்சர் கோவத்தைப் பிள்ளை மேல காட்டிட்டா?" என்று கேட்டாங்க. நியாயமான பயம். என் பதில் இது. தனியா போய்க் கேட்காதீங்க. உங்க குழுக் கூட்டத்தில் பேசி, தீர்மானமா எழுதி, மூணு பேரா போய்க் கொடுங்க. யாரோட பிள்ளை பெயரும் அதில் வேண்டாம். அப்புறம், முதல் தடவை போகும்போது புகாரோடு போகாதீங்க. காலி இடம் எத்தனை, வளர்ச்சித் திட்டத்தில் போன வருஷம் என்ன எழுதினீங்க, எது வந்தது, எது வரலை என்று கேளுங்க. பாதித் தலைமையாசிரியர்கள் நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பேசுவாங்க. அவங்களும் கேட்டுக் கேட்டுச் சலித்துப் போனவங்கதான். பதிலே வரலை என்றால் பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போடலாம், அதுக்கு நான் எழுதித் தரேன்.

அந்த ரெண்டு குழு என்ன ஆச்சு என்று கேக்குறீங்க. தீர்மானம் போடுறதைக் கொஞ்சம் தள்ளி வையுங்க என்று சொல்லியிருக்கேன். ஒரு குழு ஊரில் 5 முதல் 10 வயசுப் பிள்ளைகள் எத்தனை பேர், எங்கே படிக்கிறாங்க, ஏன் அங்கே போனாங்க, வேனுக்கு மாசம் எவ்வளவு என்று வீடு வீடா எழுதுது. இன்னொரு குழு அடுத்த பள்ளிக்கு எவ்வளவு தூரம், நடுவில் ஓடை இருக்கா, அங்கே ஆசிரியர் எத்தனை பேர், கழிப்பறை எப்படி என்று போய்ப் பார்க்குது. ஒரே நோட்டில் எழுதச் சொன்னேன். "அவங்க நோட்டை நாங்க தொட மாட்டோம்" என்று ரெண்டு பேரும் சொல்லிட்டாங்க, அதனால இப்போ ரெண்டு நோட்டு. போன வாரம் பார்த்தப்போ தெற்குத் தெரு 11 வீடு பாக்கி. கிராம சபைக்கு முன்னாடி ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் ரெண்டு நோட்டையும் வாசிக்க ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கு. பக்கத்து ஊர்க் குழுக்களும் வரலாம்.